சருகுத் தீ குற்றமாம், பெருந்தீ விதியாம்!

மாசி பிறந்தால் போதும், நாஞ்சில் நாட்டு ஜனங்களுக்கு வருஷா வருஷம் ஒரு வேடிக்கை காட்டப்படுகிறது. பொழுது சாய்ந்து வயலிலிருந்து கரையேறும்போது, அல்லது ஆலைச் சங்கு ஊதி ஷிப்ட் விட்டு வெளியே வரும்போது, வடக்கே தலை நிமிர்ந்து பார்த்தால் தாடகைமலையிலோ, ஆரல்வாய்மொழிப் பக்கம் பொய்கை அணைக்கு மேலுள்ள சரிவிலோ சிவப்புக் கோடு ஒன்று ஊர்ந்து ஏறுகிறது. இரவு முழுவதும் ஏறுகிறது. மறுநாள் பத்திரிகையில் நாலு வரி வருகிறது: மர்ம நபர்கள் தீ வைத்துவிட்டார்களாம், காட்டிலாகா தீவிரமாக விசாரிக்கிறதாம். அடுத்த வருஷமும் அதே மாதம், அதே மலை, அதே நாலு வரி, அதே மர்ம நபர்கள்!

யார் இந்த மர்ம நபர்கள்? காட்டிலாகா கனவான்களைக் கேட்டால் விடை தயாராக இருக்கிறது. அடுப்புக்குச் சுள்ளி பொறுக்கப் போன கூலிக்காரப் பெண். ஆடு மேய்க்கிறவன். தேன் எடுக்கப் போன காணிக்காரன். பீடித் துண்டை வீசிவிட்டு நடந்த ஏழை. மலையில் எந்த அநியாயம் நடந்தாலும் கையில் அரிவாளும் தோளில் துண்டும் உள்ளவனே முதல் பிரதிவாதி. மலையை வெடிவைத்துப் பிளந்து பாறை பாறையாக லாரியில் ஏற்றுகிறவன் சாட்சிப் பட்டியலில்கூட வருவதில்லை.

தீ வைக்கிற கையே இல்லை என்று நாம் வாதாடவில்லை. நம் நாட்டுக் காடுகளில் பற்றும் தீயில் மிகப் பெரும்பாலானது மனிதர்களால் வருவதே. இடி மின்னலால் பற்றுவது அபூர்வம். நம்முடைய கேள்வி வேறு. ஒரு பொறி விழுந்தால் ஏன் மலையே எரிகிறது? விழுந்த பொறி முழங்கால் உயரத்தில் ஊர்ந்து, பத்துச் சென்ட் சருகைத் தின்று படுத்துவிடாமல், மரத்தின் உச்சிக்கு ஏன் ஏறுகிறது? இந்தக் கேள்விக்கு மட்டும் காட்டிலாகா வாய் திறப்பதில்லை. திறந்தால் குற்றவாளிக் கூண்டில் தானே ஏற வேண்டிவரும்.

பஞ்சாலைத் தோழர்களுக்கு இது சுலபமாக விளங்கும். புளோ ரூமிலும் கார்டிங்கிலும் பறக்கும் பஞ்சுத் தூசி மெஷினுக்கு அடியிலும் உத்தரத்திலும் படிகிறது. தினமும் கூட்டி அள்ளினால் ஒரு பொறி பறந்தாலும் ஒரு பிடி பஞ்சோடு போகும். மானேஜர் செலவைக் குறைக்கிறேன் என்று கூட்டுகிற ஆட்களை நிறுத்துகிறார். மூன்று மாதம் தூசி படிகிறது. ஒருநாள் பேரிங் சூடேறிப் பொறி தெறிக்கிறது. ஷெட்டே எரிந்து போகிறது. உடனே மானேஜர் கேட்கும் முதல் கேள்வி என்ன? “எவன் பீடி குடித்தான்?” காட்டில் நடப்பதும் இந்தக் கதையே. காட்டின் தூசி சருகு. அதைக் கூட்டி வந்த ஜனங்களை வெளியே தள்ளிக் கதவைப் பூட்டியவன்தான் இன்று பீடித் துண்டைத் தேடுகிறான்.

எப்படிக் கூட்டினார்கள்? தீயால்தான் கூட்டினார்கள். இதைக் கேட்டதும் நகரத்துப் படிப்பாளிகள் சிலர் முகம் சுளிப்பார்கள். பொறுமையாகக் கேட்கட்டும்.

இலையுதிர் காட்டில் மார்கழி கழிந்ததும் இலை கொட்டுகிறது, புல் காய்கிறது. படிந்த சருகில் ஒரு பங்கை மழையும் கரையானும் தின்கின்றன. மிஞ்சியது அடுத்த கோடைக்கு விறகு. ஐந்து வருஷம் மிஞ்சினால் ஐந்து வருஷத்து விறகு. தை மாதத்தில் அந்தப் புல்லின் மேல்பாதி காய்ந்தும் அடிப்பாதி ஈரமாகவும் இருக்கும். இரவில் பனி விழும். அந்தச் சமயம் பார்த்து, சாயங்காலம் காற்று தணிந்த பிறகு, மேட்டிலிருந்து பள்ளத்தை நோக்கி, காற்றுக்கு எதிர்முகமாக, துண்டு துண்டாகத் தீ வைப்பது மலைவாசி ஜனங்கள் பல தேசங்களில் கண்டறிந்த முறை. சருகு மட்டும் எரியும். சுவாலை முழங்காலைத் தாண்டாது. பனி இறங்கியதும் தானே அணையும். மரத்தின் பட்டை கருகும். உள்ளே உயிர் நிற்கும். புல்லின் வேர் மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும். கோடை மழை ஒன்று விழுந்ததும் துளிர்த்துவிடும். எரித்த துண்டுக்கும் எரியாத துண்டுக்கும் நடுவே மிருகங்களுக்கு ஒதுங்க இடமும் மேய இடமும் இருக்கும். பங்குனியில் எவனோ பீடித் துண்டை வீசினாலும், தீ எரித்த துண்டின் விளிம்பு வரை வந்து தின்ன ஒன்றும் இல்லாமல் திரும்பிவிடும்.

அதே சரிவைத் தையில் தொடாமல் விட்டு, பங்குனியில் தீப்பிடித்தால் கதை வேறு. பனி இல்லை. புல் அடிவரை காய்ந்திருக்கிறது. தீ பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஓடுகிறது. முன்னால் நிற்கும் புல்லைத் தன் சூட்டாலேயே காய வைத்துக்கொண்டு ஓடுகிறது. சரிவு செங்குத்தாக ஆக ஆக அதன் வேகம் கூடுகிறது. மனிதக் கால் அதை ஓட்டத்தில் வெல்ல முடியாது. 2018 மார்ச் 11-ந் தேதி தேனி ஜில்லா குரங்கணி மலையில் நடந்தது இதுதான். காய்ந்த புல் மண்டிய சரிவில் மலையேற்றத்துக்கு வந்த இளைஞர்களும் பெண்களும் சிக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அன்று தமிழ்நாடே அழுதது. அனுமதி கொடுத்தது யார், வாங்கியது யார் என்று பெரிய விவாதம் நடந்தது. அந்தப் புல் ஏன் அவ்வளவு உயரத்துக்கு, அவ்வளவு காய்ந்து, வழியோரத்தில் நின்றது என்ற கேள்வி அந்த விவாதத்தின் ஓரத்திலேயே நின்றுவிட்டது.

சருகுத் தீயைக் குற்றமாக்கியது யார்? வெள்ளைக்கார சர்க்கார். தேக்கும் சால் மரமும் ரயில்பாதைக்கும் கப்பலுக்கும் தேவைப்பட்டபோது காடு முழுவதும் அவனுக்கு மரக்கடையாகத் தெரிந்தது. 1878-ல் இந்திய வனச் சட்டம், 1882-ல் மதராஸ் வனச் சட்டம். ரிசர்வ் காட்டில் தீ மூட்டுவது தண்டனைக்குரிய குற்றம். திருவிதாங்கூர் சமஸ்தானமும் அடுத்தடுத்து அதே அச்சில் தன் வனச் சட்டங்களை வார்த்தது. 1956 நவம்பர் 1-ந் தேதி நம் ஜில்லா தமிழகத்தோடு இணைந்தது. எல்லை மாறியது, போர்டில் எழுத்து மாறியது. காட்டிலாகாவின் சட்டப் புத்தகத்திலிருந்து வெள்ளைக்காரன் வாசனை மட்டும் போகவில்லை.

காட்டைத் தீயிலிருந்து காப்பாற்றவா இந்தச் சட்டங்கள்? அசம்பு மலையைக் கேளுங்கள். 1860-களிலிருந்து ஐரோப்பியத் துரைமார்கள் அங்கே காப்பித் தோட்டம் போட்டார்கள். காப்பித் தோட்டம் போடும் முறை அந்தக் காலத்தில் உலகமறிந்தது. சோலையை வெட்டிச் சாய்ப்பது. வெயிலில் காய விடுவது. மழைக்கு முன்பு மொத்தமாகக் கொளுத்துவது. சாம்பலில் நாற்று நடுவது. ஒருபோதும் தீ காணாத ஈரமான மழைக்காடுகள் இப்படி எரிந்தன. கொஞ்ச காலத்தில் இலைத்துரு நோய் வந்து காப்பியைத் தின்றது. துரைமார்கள் வேறு பயிருக்கும் வேறு மலைக்கும் போனார்கள். எரிந்த சோலைக்கு எவனும் நஷ்ட ஈடு கட்டவில்லை. காணிக்காரன் ஒரு துண்டுப் புனம் எரித்துத் தினையும் மரச்சீனியும் விளைவித்தால் காட்டழிப்பு. துரை ஒரு மலையை எரித்தால் அபிவிருத்தி! எரிப்பது குற்றமா இல்லையா என்பதை எரிகிறவனின் வர்க்கம் தீர்மானித்தது.

தங்கள் சட்டம் காட்டுக்கே கேடு என்பதை வெள்ளைக் காட்டதிகாரிகளிலும் சிலர் கண்டார்கள் என்பது ருசிகரமான விஷயம். பர்மாவில் தேக்குக் காட்டைத் தீயிலிருந்து முழுக்கப் பாதுகாத்தார்கள். மூங்கிலும் புதரும் மண்டின. தரையில் விழுந்த தேக்கு விதை முளைத்து வரவில்லை. 1890-களிலேயே அங்கே வேலை பார்த்தவர்கள் தீப்பாதுகாப்பு மிதமிஞ்சிப் போய்விட்டது என்று எழுதினார்கள். அடுத்த பத்து இருபது வருஷங்களில் பல தேக்குக் காடுகளில் அந்தப் பாதுகாப்பையே கைவிட்டார்கள். அதாவது, மலைவாசிக் கிழவன் சொன்னபோது மூடநம்பிக்கை. மரத்தின் விலை குறையும் என்று தெரிந்தபோது விஞ்ஞானம்.

வடக்கே குமாவோன் மலையில் இன்னொரு பாடம் கிடைத்தது. 1911 முதல் 1917 வரை அங்கே காடுகளை ரிசர்வ் ஆக்கி, மேய்ச்சலையும் விறகையும் வருஷாந்திரத் தீயையும் தடுத்தார்கள். கூலியில்லாக் கட்டாய வேலை வேறு. 1921-ல் குமாவோன் விவசாயிகள் திரண்டெழுந்து கட்டாய வேலையை மறுத்தார்கள். அந்தக் கோடையில் சர்க்காரின் பைன் காடுகள் பற்றி எரிந்தன. கடைசியில் சர்க்கார் இறங்கி வந்தது. பெரும்பரப்புக் காட்டில் கெடுபிடியைத் தளர்த்தியது. 1931-ல் கிராமத்தார் நிர்வகிக்கும் வனப் பஞ்சாயத்துக்கு விதி வகுத்தது. உரிமையைப் பறித்தால் காட்டுக்குக் காவல் நிற்க எவனும் வரமாட்டான் என்பதை எரிந்த பைன் மரங்கள் சர்க்காருக்குக் கற்பித்தன.

இன்றைய நிலைமை என்ன? இங்கேதான் பெரிய வேடிக்கை. கோடை வருமுன் காட்டிலாகாவே தீத்தடுப்புக் கோடு வெட்டுகிறது. வெட்டிய புல்லையும் ரோட்டோரச் சருகையும் கொளுத்துகிறது. ‘கட்டுப்படுத்திய எரிப்பு’ என்று அதற்குப் பெயர் சூட்டி வேலைத் திட்டத்தில் எழுதுகிறது. கொளுத்துகிற கை யாருடையது? கூலிக்கு அழைத்துவந்த மலைவாசியின் கைதான்! பக்கத்தில் காக்கிச் சட்டை நின்றால் அது நிர்வாகம், நிற்காவிட்டால் கேஸ். தீக்குச்சி ஒன்றே, சருகும் ஒன்றே.

கேரளத்தின் இரவிகுளத்தில் வரையாட்டுக்காக மலைப் புல்வெளியைத் துண்டு துண்டாக முறைவைத்து எரிக்கிறார்கள். முற்றிய புல்லை வரையாடு தின்பதில்லை. எரித்த இடத்தில் வரும் இளம்புல்லுக்கு அது தேடி வரும். எரிக்கிற வேலையைச் செய்பவர்கள் முதுவான் பழங்குடி மக்கள். தமிழ்நாடு சர்க்காரும் மாநில விலங்கான வரையாட்டுக்கு 25 கோடி ரூபாய்ச் சொச்சத்தில் திட்டம் போட்டிருக்கிறது. 2025 கணக்கெடுப்பில் மாநிலத்தில் 1,303 வரையாடுகள் என்று சொன்னது. நம் அசம்பு மலையின் உச்சிப் பாறைகளிலும் அது மேய்கிறது. ஆட்டுக்குப் புல் வேண்டும் என்று கணக்கெடுக்கத் தெரிந்தவர்களுக்கு, அந்தப் புல்லைப் பக்குவமாக எரிக்கத் தெரிந்தவனுக்கு உரிமை வேண்டும் என்பது மட்டும் ஏன் கணக்கில் வரவில்லை?

தீயைத் தடுத்தே தீருவேன் என்று பிடிவாதம் பிடித்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழக எல்லையை ஒட்டிய பிலிகிரிரங்கன் மலை கண்முன் நிற்கிறது. அங்கே சோளகர்கள் தலைமுறை தலைமுறையாகச் சருகுத் தீ வைத்து வந்தார்கள். 1974-ல் மலையைச் சரணாலயம் ஆக்கினார்கள். புனம் நின்றது, தீ நின்றது. பிறகு வந்தது உண்ணிச்செடி. வெள்ளைக்காரன் தோட்டத்துக்கு அழகு சேர்க்கக் கப்பலில் கொண்டுவந்த செடி. ஆராய்ச்சியாளர்கள் அந்த மலையில் குறித்துவைத்துப் பார்த்த இடங்களில், 1997-ல் நூற்றுக்கு 41 இடத்தில் உண்ணி இருந்தது. 2008-ல் நூற்றுக்கு 81 இடத்தில். நெல்லி மரங்களில் புல்லுருவி ஏறியது. தீ நின்ற பிறகே புல்லுருவி பெருகியது என்று சோளகர்கள் சொன்னார்கள். வெகு காலத்துக்குப் பிறகே படித்தவர்கள் அதைப் பொருட்படுத்தி ஆராய்ந்தார்கள். உழைக்கிறவனை மரத்திலிருந்து இறக்கிவிட்டால் புல்லுருவி ஏறும் என்பது எங்கும் உள்ள நியதிதான் போலும்!

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். உண்ணி மண்டிய காட்டில் இன்று உடனே போய்த் தீ வைக்கக் கூடாது. புதர் ஆள் உயரத்துக்கு நிற்கிறது. தீ அதை ஏணியாக்கி மரத்தின் தலைக்கு ஏறிவிடும். சோளகர்களே இதை எச்சரிக்கிறார்கள். முதலில் உண்ணியை வேரோடு பிடுங்கவேண்டும். அது மண்வெட்டியும் ஆளும் கூலியும் கேட்கிற வேலை. ஐம்பது வருஷ மூடத்தனத்தின் கடனை ஒரு தீக்குச்சியால் அடைக்க முடியாது.

நம் ஜில்லா மலைக்கும் ஒரே மருந்து பொருந்தாது. கீரிப்பாறைக்கு மேலும், மேல் கோதையாறு, முத்துக்குழிப் பக்கமும் நிற்பது ஈரச் சோலை. அங்குள்ள மரங்களின் பட்டை மெல்லியது. தீ என்றால் என்னவென்று அவற்றுக்குத் தெரியாது. அங்கே ஒரு தீக்குச்சிகூடக் கூடாது. எந்தத் தீயும் எங்கும் நல்லது என்று பேசுகிறவன் காட்டை அறியாதவன். தோவாளைத் தாலுகாவின் கிழக்குச் சரிவு வேறு ஜாதி: வெயில் காயும் புல்லும் முள்ளும் இலையுதிர் மரமும். ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்று காற்றாலைகளை மட்டுமா சுழற்றுகிறது? தீயையும் விசிறுகிறது. சருகுத் தீயின் பிரச்னை அங்கேதான். ரப்பர் தோட்டத்தில் வேறொரு பிரச்னை. ரப்பர் இலை கொட்டும் தை, மாசியில் பால்வெட்டும் தொழிலாளியின் காலடியில் சருகு மெத்தை போலக் கிடக்கிறது. அங்கே வேண்டியது தீயல்ல. கூட்டிப் பெருக்கிய தடுப்புக் கோடு. எந்தச் சரிவுக்கு எது என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவர்கள் அந்தச் சரிவில் வாழ்கிறவர்கள்.

பேச்சிப்பாறைக்கு மேலும் கோதையாற்றுப் பக்கமும் நாற்பதுக்கும் மேற்பட்ட காணிக் குடியிருப்புகள் இருக்கின்றன. காணி மக்களின் அறிவு ஒன்றுக்கும் உதவாதது என்று எந்த அதிகாரியும் சொல்ல முடியாது. 1987-ல் கேரளப் பக்கத்துக் காணிகள் களைப்பாற மெல்லும் ஆரோக்கியப்பச்சையை விஞ்ஞானிகள் கண்டார்கள். அதிலிருந்து மருந்து செய்து 1995-ல் ஒரு கம்பெனிக்கு உரிமம் கொடுத்தார்கள். உரிமத் தொகையில் பாதி காணிகளுக்கு என்று ஒப்புக்கொண்டதை உலகமே புகழ்ந்தது. மருந்தாக விற்கக் கூடிய அறிவு என்றால் ஒப்பந்தம். காட்டைக் காக்கும் அறிவு என்றால் கைவிலங்கு. சந்தையில் விலை போகாத அறிவுக்கு முதலாளித்துவ அகராதியில் பெயர் அறியாமை.

இது நம்மூர் மூடத்தனம் மட்டும் என்று எண்ண வேண்டாம். டாலர் ராஜ்யத்தில் கலிபோர்னியா என்ற மாநிலம் பிறந்த 1850-லேயே பூர்வகுடிகள் புல்வெளிக்குத் தீ வைப்பதைச் சட்டம் போட்டுத் தடுத்தது. பலன்? 2018 நவம்பரில் பாரடைஸ் என்ற ஊரே சாம்பலானது. 85 பேர் மாண்டார்கள். பொறி எங்கிருந்து விழுந்தது? பீடித் துண்டிலிருந்து அல்ல. லாபத்துக்காகப் பழைய மின்கம்பியை மாற்றாமல் விட்ட பசிபிக் காஸ் அண்ட் எலெக்ட்ரிக் கம்பெனியிடமிருந்து. 2020-ல் 84 மரணங்களுக்குக் கோர்ட்டில் கம்பெனி குற்றத்தை ஒப்புக்கொண்டது. ஒரு டைரக்டர்கூடச் சிறைக்குப் போகவில்லை. அதே 2018-ல் தீயணைக்கக் கொண்டுபோன சிறைக் கைதிகளுக்குத் தீமுனையில் மணிக்கு ஒரு டாலர் கூலி! இன்று அதே கலிபோர்னியா பூர்வகுடிகளைக் கூப்பிட்டுச் சருகுத் தீயைக் கற்றுக்கொள்கிறது.

ஆஸ்திரேலியாவில் ஆர்னம் லாந்து என்ற வடபகுதியில் 2000-களின் நடுவிலிருந்து பூர்வகுடி மக்களே கோடை தொடங்கும்போது துண்டு துண்டாக எரிக்கிறார்கள். கடைசிக் கோடையின் பெருந்தீ குறைந்தது. அதற்கு ஒரு எரிவாயுக் கம்பெனி ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் போலக் கொடுத்தது. தர்மம் என்று நினைக்காதீர்கள். தான் கக்கும் புகைக்கு அது வாங்கிய பாவமன்னிப்புச் சீட்டு அது. ஆனாலும் எரிக்கிற வேலை வேலைதான், அதற்குச் சம்பளம் உண்டு என்று ஒப்புக்கொள்ள வைத்தார்கள். நாம் பார்க்கவேண்டியது அதைத்தான்.

ஏனென்றால் இங்கே தீயின் கூலி யார் தலையில் விழுகிறது? 2020 பிப்ரவரியில் கேரளத்தின் திருச்சூர் ஜில்லா தேசமங்கலத்தில் காகித ஆலைக்காக வளர்த்த அகேசியாத் தோட்டத்தில் பற்றிய தீயை அணைக்கப் போன மூன்று காவலர்கள் கருகி மாண்டார்கள். பழங்குடியைச் சேர்ந்தவர் அவர்களில் உண்டு. தற்காலிக ஊழியர் உண்டு. காய்ந்த மரம் கம்பெனிக்கு, வெந்த உடல் தொழிலாளிக்கு. இன்று ஆகாயத்தில் சுற்றும் செயற்கைக்கோள் தீயைக் கண்டதும் டேராடூனிலிருந்து வன அளவை நிறுவனம் செல்போனுக்குச் செய்தி அனுப்புகிறது. செய்தி மலையடிவாரத்துக்கு வந்து சேர்ந்த பிறகு? கோடைக்கு மட்டும் கூலிக்கு எடுத்த தீக்காவலர் பச்சைக் கொப்பை ஒடித்துக்கொண்டு ஓடுகிறார். ஆகாயத்தில் விஞ்ஞானம், தரையில் கொப்பு. மழை வந்ததும் அவருக்கு வேலையும் இல்லை.

வயலில் வேலை செய்கிற தோழர் ஒருவர் கேட்கலாம்: மலையில் எரிந்தால் எனக்கென்ன? பேச்சிப்பாறை அணை 1906-ல் கட்டி முடிந்த நாளிலிருந்து நாஞ்சில் நாட்டின் கன்னிப்பூவும் கும்பப்பூவும் அந்த மலைத் தண்ணீரை நம்பியே இருக்கின்றன. பெருந்தீ எரித்த சரிவில் முதல் மழை விழும்போது மண்ணைப் பிடிக்கப் புல்வேரும் இல்லை, சருகும் இல்லை. மண் ஓடைக்கு வருகிறது, ஓடை குளத்துக்கு, குளம் தூர்ந்துபோகிறது. தோவாளையின் மலையடிக் குளங்கள் தூர்ந்தால் கடைமடைப் பத்துக்குத் தண்ணீர் எட்டாது. தண்ணீர் எட்டாத வயலில் நடவு இல்லை, களை இல்லை, அறுப்பு இல்லை. நிலப்பிரபு வயலைப் பிளாட் போட்டு விற்றுவிட்டுப் போவான். அண்டி ஆபீசிலும் செங்கல் சூளையிலும் கூலிக்கு நிற்கப்போவது நாம்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. இடதுசாரிகளும் ஆதிவாசி ஸ்தாபனங்களும் போராடிப் பெற்ற 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். கிராமத்தின் சமூக வன வளத்தைக் காக்கவும் மீட்கவும் நிர்வகிக்கவும் உரிமை என்று அது எழுதியிருக்கிறது. கிராம சபைக்கு அதிகாரம் என்று எழுதியிருக்கிறது. பிலிகிரிரங்கன் மலைச் சோளகர்கள் 2011-ல், அந்த மலையைப் புலிகள் காப்பகமாக அறிவித்த அதே வருஷம், போராடி அந்த உரிமைப் பத்திரத்தை வாங்கினார்கள். தமிழ்நாட்டில்? 2008-ல் நம் மலையில் 402 சதுர கிலோமீட்டரைக் கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயம் என்று அறிவிக்கத் தாமதம் இல்லை. அதே வருஷம் கோர்ட்டின் இடைக்கால உத்தரவு ஒன்றால், கோர்ட் அனுமதியின்றி உரிமைப் பத்திரம் கொடுக்க முடியாமல் போனது. அந்தத் தடை 2016 வரை நீடித்தது. சரணாலயத்துக்கு வேகம், சாமானியனுக்கு வாய்தா! தடை நீங்கிய பிறகும் தனிநபர் பட்டா ஒன்றிரண்டைக் கையில் திணித்துப் போட்டோ எடுத்துக்கொள்வதில் இருக்கும் சுறுசுறுப்பு, காட்டை நிர்வகிக்கும் சமூக உரிமையைக் கொடுப்பதில் இல்லை. பட்டா கொடுத்தால் ஒரு குடும்பம் வாழும். சமூக உரிமை கொடுத்தால் காட்டிலாகாவின் ஏகபோகம் போகும் அல்லவா?

“எல்லாருக்கும் தீக்குச்சி கொடுத்தால் காடு என்னாவது?” என்று சிலர் நல்லெண்ணத்தோடே கேட்கிறார்கள். எல்லாருக்கும் கொடுக்கச் சொல்லவில்லை. இன்று நடப்பது என்ன? பயத்தில் ஒளிந்து ஒருவன் தீ வைக்கிறான், வைத்ததும் ஓடிவிடுகிறான், அணைக்க நின்றால் பிடிபடுவான். காட்டுக்கு இதைவிட ஆபத்து வேறு இல்லை. நாம் கேட்பது பகலில், ஊரறிய, நாலு பக்கமும் கோடு வெட்டி, தண்ணீரும் ஆளும் நிறுத்தி, தீ படுக்கும் வரை உடன் நின்று செய்கிற வேலை. எந்தச் சரிவு, எந்தத் துண்டு, எந்த வருஷம் என்பதைக் கிராம சபை பழங்குடிப் பெரியவர்களையும் காட்டு விஞ்ஞானிகளையும் உட்காரவைத்து முடிவு செய்யட்டும். காட்டிலாகா உதவிக்கு வரட்டும், எஜமானாக வரவேண்டாம். உண்ணி பிடுங்குவதும், கோடு வெட்டுவதும், சருகு எரிப்பதும், கோடையில் காவல் நிற்பதும் சட்டக் கூலியுள்ள வேலையாகட்டும். தீக்காவலர்களுக்கு வருஷம் பூராவும் வேலை, தோல் செருப்பு, பாதுகாப்பு உடை, விபத்துக்கு இன்ஷூரன்ஸ். சுள்ளி பொறுக்கினாள், ஆடு மேய்த்தான் என்பதற்காகப் போட்ட கேஸ்கள் வாபஸ்.

ஜனவரி 26-ந் தேதி கிராம சபை கூடும். அன்று தை பன்னிரண்டு பதின்மூன்று ஆகியிருக்கும். புல்லின் அடியில் இன்னும் ஈரம் இருக்கும். தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களின் மலையடிவாரக் கிராமங்களில் இந்தக் கோரிக்கையைத் தீர்மானமாக எழுதிக்கொண்டு போங்கள். வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். நிறைவேற்றிப் புத்தகத்தில் பதியும் வரை எழுந்திருக்காதீர்கள். காணிக் குடியிருப்புகளில் குடியிருப்புக்கே தனிக் கிராம சபை கூட்ட 2006 சட்டம் இடம் தருகிறது, அதைக் கூட்டுங்கள். தீர்மானத்தின் நகல் ஒன்று கலெக்டருக்கு, ஒன்று ஜில்லா வன அதிகாரிக்கு. தீர்மானம் போட்ட தேதியையும் சரிவின் பெயரையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பங்குனியில் அந்தச் சரிவில் தீ ஏறினால் மர்ம நபர் யார் என்ற விசாரணைக்கு அந்தக் காகிதத்தைச் சாட்சியாக நாமே கொண்டுபோய்க் கொடுக்கலாம்.